விண்வெளிப் படத்தில் வளிமண்டலம் எங்கே இருக்கிறது?

பிப்ரவரி 2, வாசகர் கேள்வி

விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த படங்களில் பூமியின் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய நீலக் கோடு தெரிகிறது. "இவ்வளவுதான் நம் வளிமண்டலம், எவ்வளவு பலவீனமானது பாருங்கள்" என்று எல்லாரும் பகிர்கிறார்கள். எனக்கு இரண்டு சந்தேகம். கோடு நிஜமாகவே அவ்வளவு மெலிதா, இல்லை படத்தில் கைவேலை செய்திருக்கிறார்களா? அடுத்தது, மெலிதாக இருப்பதாலேயே ஒன்று பலவீனம் ஆகிவிடுமா? ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மேலே பத்து டன் காற்று நிற்கிறது என்று படித்திருக்கிறேன். பத்து டன்னை யார் என்ன செய்துவிட முடியும்?

பிப்ரவரி 2, இரவு

பத்து டன் கணக்கு சரி. கோடு மெலிது என்பதும் சரி. பூமியின் அளவை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

பூமியை ஒரு மீட்டர் விட்டமுள்ள பந்தாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். காற்றின் எடையில் பாதி, தரையிலிருந்து ஐந்தரை கிலோமீட்டருக்குள் இருக்கிறது. பந்தின் மேல் அது அரை மில்லிமீட்டர்கூட வராது. 99 சதவீதம் ஏறக்குறைய 30 கி.மீ.க்குள் முடிந்துவிடும், அதாவது இரண்டரை மில்லிமீட்டருக்குள். விண்வெளி தொடங்குவதாக வழக்கமாகச் சொல்லும் 100 கி.மீ. எல்லை எட்டு மில்லிமீட்டர். படம் எடுக்கும் விண்வெளி நிலையமே பந்திலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளித்தான் சுற்றுகிறது. "விண்வெளியிலிருந்து" என்றதும் எங்கேயோ தொலைவில் நின்று பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறோம், அதெல்லாம் இல்லை.

எடையிலும் அப்படித்தான். வளிமண்டலம் பூமியின் எடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கடல்நீரின் எடை காற்றைப்போல சுமார் 270 மடங்கு.

பிப்ரவரி 3

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிவதற்கே காரணம் நாம் அதைப் பக்கவாட்டில் பார்ப்பதுதான். விளிம்பை உரசிக்கொண்டு போகும் பார்வைக் கோடு, நேர் கீழே பார்க்கும்போது கடப்பதைவிட ஏறக்குறைய 70 மடங்கு காற்றைக் கடந்து போகிறது. அதனால்தான் அங்கே பளிச்சென்று இருக்கிறது.

கோட்டுக்கு மேல் பக்கம் ஓரம் என்று ஒன்று கிடையாது. காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போகிறது, கேமராவின் உணர்திறன் தீர்ந்துபோகும் இடத்தில் கோடும் தீர்ந்துபோகிறது. இரவுப் பக்கத்தில் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுத்தால், 95 கி.மீ. வாக்கில் பச்சையாக இன்னொரு மெல்லிய வளையம் தெரியும். ஆக்சிஜன் அணுக்கள் பகலில் வாங்கிய சக்தியை இரவில் ஒளியாக விடுவதால் வருவது. அதே பூமி, அதே காற்று, ஷட்டர் நேரம்தான் வேறு.

பிப்ரவரி 5

"கைவேலை" பற்றி. இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது, படத்துக்குப் படம் மாறும்.

1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8 பயணத்தில் வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த, நிலவின் விளிம்புக்கு மேல் பூமி எழும் படம்: அசல் புகைப்படம். சுற்றுச்சூழல் பற்றிப் பேசும் எல்லாரும் அதைக் காட்டுவார்கள். ஆனால் அந்தத் தூரத்தில் வளிமண்டலம் ஒரு கோடாகக்கூடப் பதியவில்லை. மேகங்கள் தெரிகின்றன, அவ்வளவுதான்.

1972 டிசம்பர் 7, அப்பல்லோ 17, முழு வட்டப் பூமி: அதுவும் அசல் புகைப்படம், சுமார் 29,000 கி.மீ. தொலைவிலிருந்து ஹாசல்பிளாட் கேமராவில் எடுத்தது. எடுத்தபடி பார்த்தால் தென்துருவம் மேலே இருக்கும். நமக்குப் பழகிய மாதிரி திருப்பிப் போட்டார்கள். கலத்தில் இருந்த மூன்று பேரில் யார் எடுத்தது என்பதில் இன்றுவரை ஒருமித்த பதில் இல்லை. வலது பக்க மேல் மூலையில் ஒரு மேகச் சுழல் தெரியும், பெரிதாக்கிப் பாருங்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் தமிழ்நாட்டுக் கரையைத் தாக்கிய புயல் அது. உலகத்திலேயே அதிகம் அச்சான படங்களில் ஒன்றில் நம் ஊர்ப் புயல் உட்கார்ந்திருக்கிறது, முக்கால்வாசிப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள்.

2002-ல் நாசா வெளியிட்ட நீலக் கோளப் படம் வேறு வகை. டெர்ரா செயற்கைக்கோள் பல மாதம் கீற்றுக் கீற்றாக எடுத்த படங்களை மேகம் இல்லாத பகுதிகளாகத் தேர்ந்து ஒட்டி, அப்புறம் மேகங்களைத் தனி அடுக்காகப் போர்த்தியது. விளிம்பில் இருக்கும் நீலப் படலம் கணினியில் சேர்த்தது. முதல் ஐஃபோனின் திரையில் வந்ததும் இந்தக் குடும்பத்துப் படம்தான். மோசடி என்று சொல்ல மாட்டேன், எப்படிச் செய்தோம் என்று அவர்களே விளக்கியிருக்கிறார்கள். பகிர்கிறவர்கள்தான் அந்த விளக்கத்தைக் கழற்றிவிடுகிறார்கள்.

ஒரு சுலபமான சோதனை: படத்தில் பூமி ஆயிரம் பிக்சல் அகலம் இருந்தால் 30 கி.மீ. என்பது வெறும் இரண்டு பிக்சல். முழு வட்டப் பூமியைச் சுற்றி விரல் தடிமனுக்கு நீல ஒளிவட்டம் இருந்தால், வரைந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

பிப்ரவரி 5, மாலை

எபிக் கேமராவைப் பற்றிக் கேட்டிருந்தவருக்கு: அது இருக்கும் டிஸ்கவர் விண்கலம் பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கி.மீ. தொலைவில், சூரியன் பக்கமாக நிற்கிறது. அதனால் எப்போதும் பகல் பக்கம் மட்டுமே அதற்குத் தெரியும். 2015 ஜூலையில் படம் அனுப்பத் தொடங்கியது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வடிகட்டி, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் சேர்ப்பார்கள். அந்த இடைவெளியில் நிலா நகர்ந்துவிட்டதால், நிலா குறுக்கே போகும் படத்தில் அதன் ஓரத்தில் பச்சைப் பிசிறு. உடனே "போலி, போலி" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. போலியாகச் செய்திருந்தால் பச்சையைத் துடைக்காமலா விட்டிருப்பார்கள்?

பிப்ரவரி 6

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். பல வருடம் செயற்கைக்கோள் படங்களைத் திருத்தும் வேலை பார்த்தவன் நான். அந்த வேலையின் முதல் படியே வளிமண்டலத்தைப் படத்திலிருந்து கழித்து எறிவதுதான். வரைபடச் செயலியில் நீங்கள் பார்க்கும் வயல், கூரை, சாலை எல்லாம் பெரும்பாலும் காற்றைக் கழித்த பிறகு மிஞ்சியவை. மேகமில்லாத நாட்களாகப் பொறுக்கி ஒட்டியவை. அப்படி ஒரு கோளம் கிடையாது. மேகம் எப்போதும் பூமியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மூடியிருக்கிறது.

ஆக, விளிம்பில் மட்டும் காற்று இருப்பதாக நினைப்பதுதான் பிரச்சினை. படம் முழுவதும் காற்று இருக்கிறது. ஒவ்வொரு பிக்சலுக்கும் முன்னால் நிற்கிறது. ஆழ்கடல் மேல் செயற்கைக்கோள் நேர் கீழே பார்க்கும்போது, நீல அலைவரிசையில் அதற்கு வந்து சேரும் ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு காற்றில் சிதறி வந்தது. கடல்நீருக்குள் போய்த் திரும்பி வந்தது மீதி ஒரு பங்கு. கடலின் நிறத்தை வைத்து அதிலுள்ள நுண்பாசியை அளக்கிறவர்கள் அந்த ஒரு பங்குக்காகத்தான் மாரடிக்கிறார்கள். "நீலக் கோளம்" என்று நாம் ரசிக்கும் நீலத்தில் பெரும்பகுதி காற்றுடையது. விளிம்புக்குப் போய்த் தேட வேண்டிய அவசியமே இல்லை.

பிப்ரவரி 6, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை, இதையும் எழுதிவிடுகிறேன். மேகத்தைக் கண்டுபிடித்து நீக்குவது கேட்க எளிது. பனி மேகம் மாதிரி இருக்கும், வெள்ளைக் கூரை மேகம் மாதிரி இருக்கும், மெல்லிய சிரஸ் மேகம் எதையும் மாதிரி இருக்காது. கண்ணுக்கே தெரியாமல் படம் முழுவதையும் லேசாக வெளுத்துவிடும்.

அதற்காகவே லேண்ட்சாட் 8, சென்டினல் 2 செயற்கைக்கோள்கள், டெர்ராவில் இருக்கும் மோடிஸ் கருவி எல்லாவற்றிலும் 1.38 மைக்ரான் வாக்கில் ஓர் அலைவரிசை வைத்திருக்கிறார்கள். அந்த அலைநீளத்தை நீராவி விழுங்கிவிடும். நீராவி பெரும்பாலும் கீழே இருப்பதால், தரையிலிருந்து எதுவும் மேலே வராது. கருப்பான திரையில் உயரத்தில் மிதக்கும் சிரஸ் மட்டும் வெள்ளை நூலாகத் தெரியும். திபெத் மாதிரி உயரமான, வறண்ட இடத்தில் மட்டும் தரை கொஞ்சம் எட்டிப் பார்க்கும். கண்டம், கடல், ஊர் எதுவும் இல்லாத பூமி. வேலையில் நான் பார்த்த படங்களிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். உடன் வேலை பார்த்தவர்களுக்கு அது ஒரு வடிகட்டி மட்டுமே. படத்தைச் சுத்தம் பண்ணிவிட்டு அழித்துவிடுவார்கள்.

பிப்ரவரி 9

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மெலிதாக இருப்பதால் பலவீனமா? இல்லை என்பது என் கருத்து. கோட்டின் தடிமனை வைத்துப் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம், உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது, அந்தக் கோட்டுப் படத்தில் அது தெரியவே தெரியாது.

காற்றில் இருக்கும் வாயுக்களைப் பிரித்து, கடல்மட்ட அழுத்தத்தில், 0 டிகிரியில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஏறக்குறைய 8 கி.மீ. உயரம் வரும். நைட்ரஜன் ஆறு கிலோமீட்டருக்கு மேல். ஆக்சிஜன் 1.7 கி.மீ. ஆர்கான் சுமார் 75 மீட்டர். இதோடு 99.9 சதவீதம் முடிந்தது. இவை மூன்றும் பூமி வெளிவிடும் வெப்பக் கதிரை ஏறக்குறைய அப்படியே போகவிட்டுவிடும்.

மிச்சம் இருப்பதைப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு, மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மீத்தேன், ஒன்றரை சென்டிமீட்டர். ஓசோன், மூன்று மில்லிமீட்டர். நீராவியைத் தனியாக எடுத்துத் தண்ணீராக்கினால், உலகச் சராசரியில் இரண்டரை சென்டிமீட்டர். பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரியாக இல்லாமல் 15 டிகிரி வாக்கில் இருப்பது இந்தச் சில்லறையால்தான். புற ஊதாக் கதிரிலிருந்து தோல் தப்பிப்பது அந்த மூன்று மில்லிமீட்டரால்.

தொழிற்புரட்சிக்கு முன்னால் கார்பன் டை ஆக்சைடு அடுக்கு 2.2 மீட்டர் இருந்தது. பத்து லட்சத்தில் 280 மூலக்கூறாக இருந்தது இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. எட்டு கிலோமீட்டர் காற்றில் ஒரு மீட்டரும் சொச்சமும் கூட்டியிருக்கிறோம். பத்து டன்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை, நண்பரே. அதிலிருக்கும் ஆறேழு கிலோவில்தான் கை வைத்திருக்கிறோம்.

பிப்ரவரி 9, சற்றுப் பிறகு

ஆறேழு கிலோ எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர மீட்டருக்கு மேல் நிற்கும் கார்பன் டை ஆக்சைடு மொத்தமே இப்போது ஆறரை கிலோ வாக்கில்தான். தொழிற்புரட்சிக்கு முன்னால் நாலே கால் இருந்திருக்கும். நாம் சேர்த்தது இரண்டு கிலோ சொச்சம். சதுர மீட்டருக்குத்தான், பூமி முழுவதற்கும் பெருக்கிப் பார்த்தால் ஒரு லட்சம் கோடி டன்னைத் தாண்டும்.

பிப்ரவரி 10

"வளிமண்டலம் நிலாவையும் தாண்டிப் போகிறது என்று செய்தி வந்ததே, அப்புறம் எப்படி மெலிது?" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். செய்தி உண்மை. பூமியைச் சுற்றியுள்ள ஹைட்ரஜன் படலம் சுமார் 6,30,000 கி.மீ. வரை போகிறது என்று சூரியனை ஆராயும் சோஹோ விண்கலத்தின் பழைய அளவீடுகளிலிருந்து 2019-ல் கண்டுபிடித்தார்கள். நிலா இருப்பது அதற்குள்தான். ஆனால் அங்கே ஒரு கன சென்டிமீட்டரில் இருப்பது ஒரு அணுகூடத் தேறாது. ஆய்வகத்தில் உருவாக்கும் எந்த வெற்றிடத்தையும்விட வெறுமையானது.

1972 ஏப்ரலில் ஜார்ஜ் கருத்தர்ஸ் வடிவமைத்த புற ஊதாக் கேமராவை அப்பல்லோ 16 நிலவில் நிறுத்தி இந்தப் படலத்தைப் படம் எடுத்தது. அந்தப் படத்தையும் தேடிப் பாருங்கள். அதே வருடக் கடைசியில் எடுத்த நீலக் கோளத்துக்குக் கிடைத்த புகழில் நூறில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 12

"அப்படியானால் காற்று கசிந்து போய்க்கொண்டிருக்கிறதா?" போகிறது. ஹைட்ரஜன், நொடிக்கு சுமார் மூன்று கிலோ. பயப்பட வேண்டாம். அந்த ஹைட்ரஜன் முழுவதும் கடல்நீரிலிருந்து வருவதாகவே வைத்துக்கொண்டாலும், இந்த வேகத்தில் கடல் தீர லட்சம் கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். சூரியன் அதற்கு ரொம்ப முன்னாலேயே கடையைக் கட்டிவிடும். செவ்வாய்க்கு நடந்தது வேறு: சிறிய கோள், ஈர்ப்பு குறைவு, கோள் முழுவதையும் சூழ்ந்த காந்தப்புலமும் அணைந்துபோயிற்று. அங்கே இப்போது மிஞ்சியிருப்பது நம் காற்றழுத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. நம் காற்று காணாமல் போகப் போவதில்லை. கலவைதான் மாறும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பிப்ரவரி 13

கலவை எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பதற்கு ஓசோன் நல்ல உதாரணம். அடுக்குக் கணக்கில் ஓசோன் மூன்று மில்லிமீட்டர் என்றேன். குளிர்பதனப் பெட்டியிலும் ஸ்பிரே டப்பாவிலும் போட்ட குளோரோஃபுளோரோகார்பன்களில் முக்கியமான இரண்டையும், உச்சத்தில் இருந்தபோதுகூட, அதே மாதிரி அடுக்கினால் ஆறேழு மைக்ரான்தான் வரும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழு பங்கு. அது அண்டார்க்டிகாவுக்கு மேல் வசந்த காலத்தில் ஓசோனில் பாதிக்கு மேல் தின்றது. குளோரின் அணு வேலையை முடித்துவிட்டு அப்படியே வெளியே வந்து அடுத்த ஓசோனைத் தேடிப் போகும், தான் தீர்ந்துபோகாது. அதனால்தான் அளவு இவ்வளவு சின்னதாக இருந்தும் சேதம் பெரிதாக இருந்தது. வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974-லேயே எச்சரித்தார்கள்.

இதைப் பற்றி ஒரு கதை சுற்றுகிறது: அண்டார்க்டிகாவின் ஓசோன் ஓட்டை செயற்கைக்கோள் தரவில் இருந்தது, கணினி அதைப் பிழை என்று தூக்கி எறிந்துவிட்டது என்று. தூக்கி எறியவில்லை. நிம்பஸ் 7 செயற்கைக்கோளின் கருவியில் மிகவும் குறைவான அளவுகளுக்குச் சந்தேகக் குறி போட்டு வைத்திருந்தார்கள், அதை ஆட்கள் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். அதற்குள் 1985 மே மாதம் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் அண்டார்க்டிகாவின் ஹாலி ஆய்வுத் தளத்தில் தரையிலிருந்து மேலே பார்த்து அளந்த கணக்கை வெளியிட்டுவிட்டார்கள். செயற்கைக்கோள் அதன்பின் கொடுத்தது படம்: அது ஒரு தளத்தின் விசித்திரம் அல்ல, கண்டத்தின் அளவு என்று காட்டிய படம். 1987-ல், இந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அரசாங்கங்கள் இவ்வளவு வேகமாக நகர்ந்த வேறு சம்பவம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பிப்ரவரி 17

கொஞ்சம் திசை மாறுகிறேன். காற்றைப் படம் பிடித்ததில் மனிதர்களை அதிகம் காட்டிக்கொடுத்தது நைட்ரஜன் டை ஆக்சைடு வரைபடம். வண்டிப் புகை, மின் நிலையப் புகை. சில மணி நேரத்தில் சிதைந்துவிடும் என்பதால் இன்று எங்கே எரித்தார்களோ அங்கேயே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை விடும் நாடுகளில் ஞாயிறன்று அது மங்கும். வார விடுமுறை விண்வெளியிலிருந்து தெரிகிறது! 2020 ஊரடங்கில் நகரம் நகரமாக மங்கியதை சென்டினல் 5பி செயற்கைக்கோள் காட்டியது.

அதற்கு நேர் எதிர், டோங்கா எரிமலை, 2022 ஜனவரி 15. புகைத்தூண் 57 கி.மீ. வரை போனது. வெடிப்பின் அழுத்த அலை மணிக்கு ஆயிரம் கி.மீ.க்கு மேல் வேகத்தில் கிளம்பி, பூமியைப் பல முறை சுற்றியது. வானிலைச் செயற்கைக்கோள்களின் நீராவி அலைவரிசையில் அடுத்தடுத்த படங்களைக் கழித்துப் பார்த்தால் வளையம் விரிந்துகொண்டே போவது தெரிந்தது. உலகின் மறுபக்கத்திலிருந்த சாதாரண பாரோமீட்டர்கள்கூட ஓரிரு ஹெக்டோபாஸ்கல் துள்ளின. அந்த அசைவுப் படத்தை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

பிப்ரவரி 20

"இருக்கிறதே தெரியாத மேல்காற்றைப் பற்றி எதற்குப் பேச்சு" என்பவருக்கு. 2022 பிப்ரவரி 3 அன்று ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் ஏறக்குறைய 40, அந்தத் தெரியாத காற்றில் சிக்கி விழுந்து எரிந்தன. சூரியப் புயல் மேல்காற்றைச் சூடாக்கி உப்ப வைத்தது, உராய்வு கூடியது, அவ்வளவுதான் நடந்தது. 

கார்பன் டை ஆக்சைடு கூடினால் அங்கே நடப்பது தலைகீழ். கீழே சூடேற்றும் அதே வாயு, உயரத்தில் வெப்பத்தை விண்வெளிக்கு விட்டு மேல்காற்றைக் குளிர்விக்கிறது. மேல்காற்று சுருங்குகிறது. செயற்கைக்கோள்கள் விழும் வேகத்தைப் பல பத்தாண்டுகள் கணக்கு வைத்து இதை அளந்திருக்கிறார்கள். நல்லதுதானே என்றால், விழ வேண்டிய உடைசல்களும் விழாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

பிப்ரவரி 24

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். மாணவர்களுக்குக் காட்ட ஒரே ஒரு படம் சொல்லச் சொல்கிறார். யோசித்தேன். நீலக் கோட்டுப் படத்தை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, அதைப் பார்த்துத்தான் பலர் இந்தப் பக்கமே வருகிறார்கள், நீங்கள் உட்பட. ஆனால் ஒரே படம் என்றால் முடியாது, மூன்று வேண்டும்: அண்டார்க்டிகாவின் அக்டோபர் மாத ஓசோன் வரைபடம், 1979, 2006, அப்புறம் கிடைக்கும் கடைசி வருடம். 1979-ல் ஓட்டை கிடையாது. 2006-ல் இருந்தது பதிவானவற்றிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. பழையபடி 1980-ன் நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்று ஐ.நா.வின் 2022 மதிப்பீடு சொல்கிறது. எந்த ஒரு வருடத்தையும் தனியாக எடுத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அந்த வருடத்துக் குளிரைப் பொறுத்து ஓட்டை ஏறி இறங்கும்.

அளவு டாப்சன் அலகில் இருக்கும். நூறு டாப்சன் என்றால் ஒரு மில்லிமீட்டர், 220-க்குக் கீழே போனால் ஓட்டை. மூன்று படத்துக்கும் நிற அட்டவணை ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுக் காட்டுங்கள். சில தளங்களில் வருடத்துக்கு வருடம் நிறத்தை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.